ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) தேதி முடிந்து சலான் வந்துவிட்டதா? கட்டிவிட்டு வண்டியை எடுக்காதீர்கள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதிப் பக்கம் பல வீடுகளில் வாசலில் இரண்டு வண்டி நிற்கும். ஒன்று கேரளப் பதிவு கே.எல்.70, இன்னொன்று தமிழ்நாட்டுப் பதிவு டி.என்.41. தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் போவது பழைய வண்டி. பதினைந்து வருடம் தாண்டியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ கை காட்டி நிறுத்தி, நம்பரைக் கருவியில் தட்டியதும் பதிவு முடிந்த தேதி வந்து நிற்கும். பெட்டி கேஸ் (சிறு குற்ற வழக்கு) எழுதுவார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, விஷயம் முடிந்தது என்று அதே வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சலான் கட்டினால் அன்றைய குற்றத்துக்குத்தான் கணக்கு தீரும். பதிவு புதுப்பித்ததாக ஆகாது. மறுநாள் அதே வண்டியில் அதே சாலையில் போனால் அது இன்னொரு குற்றம், அதுவும் இரண்டாம் முறைக் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 192வது பிரிவில் முதல் முறைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை முதல் 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த வரம்புக்குள் சமரசத் தொகையை (கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடிக்கும் தொகையை) ஒவ்வொரு மாநில அரசும் தன் ஆணையில் நிர்ணயிக்கிறது. அதனால்தான் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு தொகை வருகிறது. 207வது பிரிவின்படி பதிவில்லாத வண்டியைப் பிடித்து வைக்கவும் அதிகாரம் உண்டு. ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டக் கொடுத்த உரிமையாளரையும் சட்டம் பிடிக்கும். அண்ணன் வண்டியைத் தம்பி எடுத்துப் போனாலும் அண்ணன் பெயருக்கும் கேஸ் வரலாம்.

ஒரு விலக்கு உண்டு. உடம்புக்கு முடியாதவரையோ அடிபட்டவரையோ ஏற்றிக்கொண்டு அவசரத்துக்குப் போனால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். பதிவு செல்லாத நிலையில் பொதுச் சாலையில் வண்டியை ஓட்டுவது பாலிசி நிபந்தனையை அடிப்படையாக மீறுவது என்று 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021இல் சுஷீல் குமார் கோதாரா வழக்கில், தற்காலிகப் பதிவு முடிந்த கார் திருடு போனதற்கும் காப்பீட்டுத் தொகை கிடைக்கவில்லை. இரண்டிலும் பாலிசி உயிரோடுதான் இருந்தது, பிரீமியம் கட்டியிருந்தார்கள். பதிவு மட்டும்தான் இல்லை. ஆகவே “இன்சூரன்ஸ் கரெக்டா இருக்கு, பயமில்லை” என்று இருக்காதீர்கள். சொந்த வண்டிச் சேதத்துக்கும் திருட்டுக்கும் பதிவுத் தேதியும் செல்லுபடியாக இருந்தால்தான் அந்தப் பாலிசி கை கொடுக்கும்.

தேதியை எங்கே பார்ப்பது

கோளாறு பெரும்பாலும் “லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு” என்ற நம்பிக்கையில் தொடங்குகிறது. வரி வேறு, பதிவு வேறு. டி.என். ஆர்.சி.யில் வரி என்ற இடத்தில் எல்.டி.டி. என்று போட்டிருக்கும், அதாவது ஆயுள் வரி. அதைப் பார்த்து வண்டிக்கே ஆயுள் முழுக்கப் பதிவு இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோக வண்டிக்கு, அது பைக்கோ காரோ டிராக்டரோ, பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் ‘பதிவு செல்லும் நாள்’ என்ற வரியைப் பாருங்கள். அட்டை தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் தெரியும்.

14.08.2011 அன்று பதிவான வண்டிக்கு 13.08.2026 வரை காலம். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். இந்த வண்டிக்கு அது ஜூன் 14. அந்த அறுபது நாளுக்குள் செய்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே கிரவுண்டுக்கு (அதிகாரிகள் வண்டியைச் சோதிக்கும் மைதானத்துக்கு) போகலாம், தாமதக் கட்டணமும் இல்லை. தேதி முடிந்த பிறகு போனால் செலவும் கூடும், வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியும் வரும்.

எந்த மாநிலத்தில் புதுப்பிப்பது

எல்லைக்காரர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். மற்றது எல்லாம் இதிலிருந்துதான் பிரிகிறது.

வண்டியும் கே.எல்., வீடும் கேரளா என்றால் கேள்வியே இல்லை. வண்டி டி.என். ஆக இருந்து கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் நிலையாக ஓடுகிறது என்றால், 47வது பிரிவின்படி கேரள நம்பருக்கு மாற்றியாக வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு அலுவலகத்திலிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, கேரள அலுவலகத்தில் படிவம் 27 கொடுத்து, கேரள வரி கட்டி, வண்டியைக் காட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். என்.ஓ.சி. எழுதும்போது எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று குறிப்பிட்டே தருவார்கள். சித்தூர் என்று இருக்க வேண்டிய இடத்தில் பாலக்காடு என்று வாங்கிவந்தால் திரும்பப் பொள்ளாச்சிக்கு நடக்க வேண்டும். உங்கள் ஆதாரில் இருக்கும் கேரள முகவரி எந்த அலுவலக எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்துபோன வண்டிக்கு என்.ஓ.சி. கேட்டால், முதலில் இங்கேயே புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு. படிவம் நிரப்பிப் பணம் கட்டும் முன்பே நேரில் கேட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டுப் பக்கம் உங்களுக்கு உண்மையாகவே முகவரி இருந்தால், வண்டியும் அங்கேதான் பெரும்பாலும் ஓடுகிறது என்றால், அங்கேயே புதுப்பிப்பதுதான் லாபம். கேரளத்தில் ஆயுள் வரி என்பது 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு புதுப்பிக்கும்போது ஐந்து வருட வரி தனியாகக் கட்ட வேண்டும். 2025-26 மாநில பட்ஜெட்டில் அந்தப் பழைய வண்டி வரியை 50 சதவீதம் கூட்டினார்கள். இதோடு பசுமை வரியும் (பழைய வண்டிக்கான சுற்றுச்சூழல் வரி) உண்டு. தமிழ்நாட்டில் பசுமை வரி வரும், ஆயுள் வரியை மறுபடி கேட்பதில்லை. ஆனால் இந்த வித்தியாசத்துக்காக உறவினர் வீட்டு முகவரியைக் காட்டி டி.என். நம்பரிலேயே வைத்துக்கொண்டு முழு நேரமும் கேரளத்தில் ஓட்டுவது வேண்டாம். பிடிபட்டால் மிச்சம் பிடித்ததற்கு மேல் போகும். விபத்து நடந்தால் முகவரியிலிருந்தே விசாரணை தொடங்கும்.

பெயர் யாருடையது, மொபைல் யாருடையது

பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம் கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) வாங்கிய வண்டிகளில் பாதி வேலை இங்கேயே நின்றுவிடும். படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வெளி மாநிலம் என்றால் 45 நாளிலும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இது நடக்காமல் பதினைந்தாவது வருடம் வந்தால் என்ன ஆகும்? பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. பழைய உரிமையாளரின் மொபைலுக்கோ ஆதாரோடு இணைந்த எண்ணுக்கோ போகும். அவரைத் தேடிக் கண்டுபிடித்தால் ஒழிய வழியில்லை. சலானும் அவர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே வராது.

விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வண்டி நாலு கை மாறியிருந்தது அந்த வழக்கில். பெயர் மாறவில்லை.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வண்டியைக் கையில் வைத்திருக்கும் வாரிசு மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம் வாங்க நாளாகும். அப்பா பெயரில் இருக்கும் வண்டி என்றால் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். நம்பரைப் போட்டால் பரிவாகனில் விவரமே வரவில்லை என்றால் வண்டி கணினியில் ஏறவில்லை. அசல் புத்தகத்தோடு பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய் பேக்லாக் பதிவு (பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றுவது) செய்யச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். அது முடியாமல் ஆன்லைனில் எதுவும் நகராது. அப்படி ஏற்றிய வண்டிகளில் சேஸ் எண்ணில் (வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் எண்) ஒரு எழுத்து தவறாக அடிபட்டிருப்பது சாதாரணம். எட்டுக்குப் பதில் பி, ஐந்துக்குப் பதில் எஸ். வீட்டிலேயே வண்டியில் உள்ள எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். 17 இலக்க எண்ணில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. அதில் ஏதாவது கண்ணில் பட்டால் அது ஒன்றாகவோ சுழியாகவோதான் இருக்க வேண்டும்.

வேலைகளின் வரிசை

முதலில் சலான். நிலுவை சலான் இருந்தால் வாகன் (அரசின் வண்டிப் பதிவு) தளத்தில் அந்த நம்பருக்குப் பூட்டு விழுந்து புதுப்பித்தல் விண்ணப்பம் நகராமல் போகலாம். இ-சலான் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரோடு சேஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைப் போட்டால் கேரளா, தமிழ்நாடு இரண்டிலும் போட்டது சேர்ந்து வரும். குறித்த நாளுக்குள் கட்டாதது விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (இணையவழி நீதிமன்றத்துக்கு) போயிருக்கும். அங்கே மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி நம்பர் போட்டு, தொகையைக் கட்டலாம். குற்றம் உங்களுடையது இல்லை என்றால் மறுக்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஓடும் ஏ.ஐ. கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படித்துதான் கேஸ் போடுகின்றன. எழுத்து தேய்ந்த பிளேட் என்றால் அடுத்தவர் குற்றம் உங்கள் தலையில் விழும். படத்தைத் திறந்து வண்டி உங்களுடையதுதானா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

விர்ச்சுவல் கோர்ட்டில் கட்டியது வாகன் தளத்தில் ஏறச் சில நாள் பிடிக்கும். அதுவரை பொறுத்து, பூட்டு நீங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்குச் சலான்’ என்று ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். எந்த அரசுத் துறையும் சலானை அப்படி அனுப்புவதில்லை. அதை நிறுவினால் ஓ.டி.பி. எல்லாம் வேறு கைக்குப் போய் வங்கிக் கணக்கு காலியாகும். இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் கையில் இருக்கும் போனுக்கும் அது வருகிறது, அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். உண்மையான தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும்.

அடுத்தது புகைச் சான்று. பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை அளவுகோல்) முதலான வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தியதற்கு ஆறு மாதம். 15 வருடம் தாண்டிய வண்டி அநேகமாக ஆறு மாதக் கணக்கில்தான் வரும். 2000க்குப் பிறகு வந்த, பி.எஸ்.4க்கு முந்திய நாலு ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். பல மாதம் நின்ற வண்டி இதில் தோற்கக் காரணம் மூன்று: ஏர் ஃபில்டர் மண்ணடைந்திருக்கும், சோக் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கும், கார்புரேட்டர் மிக்சர் அதிகமாக வைத்திருக்கும். ஃபில்டரை மாற்றி, சோக் வயருக்கு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பிறகு மிக்சர் ஸ்க்ரூவை வையுங்கள். ஏர் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரில் வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். ஃபியூல் ஸ்க்ரூ உள்ளதில் உள்ளே திருப்பினால்தான் குறையும். எது என்று தெரியாமல் திருப்புகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினோடு டெஸ்டுக்குப் போனாலும் எண் ஏறித்தான் காட்டும்.

பிறகு இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போதும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு 714 ரூபாய், 150 முதல் 350 வரை 1,366, இதோடு ஜி.எஸ்.டி. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடித்தால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000. பெயர் மாற்றம் முடிந்த பிறகு, புது உரிமையாளர் பெயரில் பாலிசி எடுங்கள். தலைகீழாகச் செய்தால் பாலிசியில் ஒரு பெயர், ஆர்.சி.யில் ஒரு பெயர் என்று நிற்கும்.

இவை முடிந்த பிறகுதான் புதுப்பித்தல் விண்ணப்பம். பரிவாகனில் வாகனச் சேவைக்குள் போய், நம்பர் போட்டு, பதிவு புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்து, சேஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். மொபைல் எண் மாறியிருந்தால் முதலில் மொபைல் எண் புதுப்பித்தலை முடியுங்கள். படிவம் 25 நிரம்பி வரும். பணம் கட்டி, நாள் குறித்து, ரசீது, படிவம், அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கேரளத்தில் அக்ஷயா மையத்திலும் தமிழ்நாட்டில் இ-சேவையிலும் இதைச் செய்து தருவார்கள். தானே செய்வதும் கஷ்டமில்லை.

எவ்வளவு ஆகும்

2022 ஏப்ரல் முதல் மத்திய விதிப்படி பதிவு புதுப்பிக்க பைக்குக்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000. 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிக் கட்டணம் வந்தது. பைக்குக்கு 2,000, மூன்று சக்கரத்துக்கு 5,000, காருக்கு 10,000. தாமதத்துக்கு பைக்குக்கு மாதம் 300, மற்ற சொந்த வண்டிக்கு மாதம் 500. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. 14 மாதம் தாமதமான பைக்குக்கு 4,200 தாமதக் கட்டணம், காருக்கு 7,000. இதோடு பசுமை வரி, கேரளம் என்றால் ஐந்து வருட வரி, அட்டைக் கட்டணம் எல்லாம் சேரும். மொத்தம் எவ்வளவு என்பது பணம் கட்டும் திரையில் பிரித்துக் காட்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் மூலம் போகிறவர்கள் அந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வண்டி நின்ற இடத்தில் நின்றிருந்தது, ஓட்டவே இல்லை என்று சொன்னாலும் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பைக் விற்றால் எட்டாயிரம் தேறாது, செலவு ஏழாயிரம் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள், ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள்.

கிரவுண்டில்

தேதி முடிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போகச் சட்டத்தில் தனி அனுமதி எதுவும் எழுதியில்லை. பணம் கட்டிய ரசீதும் நாள் குறித்த சீட்டும் இருந்தால் வழியில் விட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். அது அந்த அதிகாரியின் மனசைப் பொறுத்தது. விபத்து நடந்தால் அந்த ரசீது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எடுபடாது. குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் என் ஆலோசனை. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வண்டிக்கு வேலை இருந்தால் ஒரே நாளாகக் குறித்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

திருப்பி அனுப்ப முதல் காரணமாக அமைவது சேஸ் எண்தான். பெரும்பாலான பைக்கில் ஹேண்டில் தண்டு நுழையும் கழுத்துக் குழாயில் அடித்திருப்பார்கள். பதினைந்து வருடத்தில் அங்கே கேபிள் உரசி, மழைத் தண்ணீர் தங்கி, துருவும் கிரீஸும் கலந்து அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் குழிக்குள் வெள்ளை நின்று எண் எழும்பும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வீட்டிலேயே ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். 17 இலக்கமும் தாளில் விழுந்தால் கிரவுண்டிலும் விழும். கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் வைக்காதீர்கள். மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள். சுற்றிலும் தேய்த்த தடம் இருந்தால் எண்ணையே மாற்றியதாகச் சந்தேகம் வரும். உண்மையிலேயே அழிந்துபோயிருந்தால் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அவர்கள் அனுமதியோடுதான் மறுபடி பஞ்ச் செய்ய வேண்டும். பட்டறையில் தானாக அடித்துக்கொண்டால் அது குற்ற வழக்காகும்.

அடுத்தது விளக்குகள். ஹெட்லைட் ஹை, லோ இரண்டும் எரிய வேண்டும். பின் பிரேக் பெடலுக்கு அருகே சின்ன ஸ்பிரிங் இழுக்கும் ஸ்விட்ச் துரு ஏறி, பிரேக் லைட் எரியாமல் போவது பழைய வண்டிகளின் நிரந்தர நோய். முன் பிரேக்கைப் பிடித்தாலும், பின் பிரேக்கை மிதித்தாலும் தனித்தனியாக எரிகிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும். ஒரு பல்பு போயிருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும்.

டயர் பட்டை பைக்குக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், காருக்கு 1.6க்கும் குறையக் கூடாது. பின் இருக்கைக்காரர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தைப் பாதிக்கு மேல் மூடும் சேலைத் தடுப்பு இவை மூன்றும் விதியில் உள்ளவை. அழகுக்காகக் கழற்றிப் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். ஏர் ஹாரன், ஓட்டை சைலன்சர், காரில் கறுப்பு ஃபிலிம், பம்பருக்கு முன் மாட்டிய கம்பி எல்லாம் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நிறம் ஆர்.சி.யில் உள்ளதாக இருக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில் பைக்கின் பின்புறம் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். வெள்ளையில் கறுப்பு. தமிழிலோ மலையாளத்திலோ எழுதியது செல்லாது. மொழிப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் அதை வண்டியில் வேறு இடத்தில் எழுதிக்கொள்ளலாம். பிளேட்டில் எழுதினால் கேஸ்தான்.

வாடகை வண்டிகளுக்குக் கணக்கே வேறு. ஆட்டோ, டாட்டா ஏஸ், பிக்கப் எல்லாவற்றுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) தான் உயிர். அது முடிந்தால் 56வது பிரிவின்படி பதிவே செல்லாததாகிவிடும். புது வண்டிக்கு இரண்டு வருடம், பிறகு எட்டு வயது வரை இரண்டிரண்டு வருடம், அதற்கு மேல் வருடா வருடம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய்.

கேரள நம்பருக்கு மாறியவர்கள் கடைசியாக ஒன்றைச் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புது ஆர்.சி. அனுப்பி பாலிசியில் நம்பரை மாற்றச் சொல்லுங்கள். புகைச் சான்றையும் புது நம்பரில் எடுங்கள். கார் என்றால் ஃபாஸ்டேகிலும் நம்பர் மாற வேண்டும், இல்லாவிட்டால் வாளையார் டோலில் பழைய டி.என். நம்பர்தான் படிக்கும். புது ஆர்.சி.யை டிஜிலாக்கரில் இறக்கி வைத்தால் இரண்டு மாநிலத்திலும் அதையே காட்டலாம். 2018 முதல் அது அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த படத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், செயலிக்குள் திறந்து காட்ட வேண்டும்.